வசைமொழியும் எழுத்தும்: மாத்தளைத் தோட்டப்புறத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலக்கியத்தின் மொழி பற்றி ஈழத்தில் நிகழ்ந்த விவாதங்கள் பல. ஏட்டு வழக்கா பேச்சு வழக்கா, மரபா புதுமையா, பொதுத்தமிழா பிரதேசத் தமிழா என்ற வினாக்கள் கடந்த அறுபது ஆண்டுகளாகப் பல வடிவங்களில் எழுப்பப்பட்டு வந்துள்ளன. ஆயினும் மக்கள் பேச்சின் ஒரு பகுதி, மக்கள் மொழிக்காக வாதாடியவர்களாற்கூட வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதுவே வசைமொழி. அதனை ஆராய்தல் பண்பாடற்ற செயல் என்று மரபுவாதிகள் கருதினர். முக்கியமற்ற செயல் என்று முற்போக்காளர் கருதினர். இரு சாராரும் ஒரு புள்ளியில் உடன்பட்டனர் என்பதே நமக்கு ஐயத்தைத் தருகின்றது.

ஒரே வசைச்சொல் வாயாற் சொல்லப்படும்போது ஒரு கனத்தையும் எழுத்தில் வரும்போது வேறொரு கனத்தையும் பெறுவதேன்? எழுத்துக்குள்ளேயும் சில சொற்கள் புள்ளிகளால் மறைக்கப்பட, வேறு சில முழுமையாக அச்சேறுவதேன்? இந்த ஏற்றத்தாழ்வைத் தீர்மானிப்பவர் யாவர்? இவ்வினாக்களை மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புற வாழ்வையும் அங்கிருந்து எழுந்த எழுத்தையும் முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையை நாம் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளையைக் கடந்து மலைநாட்டினுள் நுழைந்த வாயில் மாத்தளையே. 1880இற் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டுமுன், கால்நடையாக வந்தவர்களுள் எண்ணற்றோர் வழியில் மடிந்தனர். அந்தப் பாதையில் உடல்கள் மட்டும் நடந்து வரவில்லை. ஏவலும் ஏச்சும் கொண்ட ஒரு மொழியும் உடன் நடந்து வந்தது.

1

வசைமொழியை எழுத்தினின்றும் விலக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் அவையல்கிளவி பற்றிப் பேசுகின்றது. பிற்காலத்து நன்னூல் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக வகுத்தது. அவையல்கிளவியென்பது அவைக்கு ஆகாத சொல். இலக்கண ஆசிரியர் சொல்லின் இயல்பை மட்டுங் கூறவில்லை, அது வழங்கும் இடத்தையும் கூறினார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. சொல் தன்னளவில் இழிந்ததன்று, அவையிற் சொல்லப்படும்போதே இழிந்ததாகின்றது என்ற நுண்ணுணர்வு இதில் உண்டு.

ஆனால் எந்த அவை என்ற வினாவை இலக்கணம் எழுப்பவில்லை. அரசவையும் புலவரவையும் அவைகள் எனின், விடியற்காலையிற் கொம்பொலி கேட்டுத் தொழிலாளர் வரிசையில் நிறுத்தப்பட்ட பெரட்டுக் களமும் ஓர் அவையே. அந்த அவையிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் சொல்லிய சொற்களுக்கு எந்த அடக்கலும் இருக்கவில்லை. பெற்ற தாயையும் உடன்பிறந்தாளையும் சுட்டிய வசைகள் பிள்ளைகளின் முன்னிலையிலேயே வீசப்பட்டன. இடக்கரடக்கல் மேலோர் முன்னிலையிற் கீழோர் காக்கவேண்டிய ஒழுங்காகவே நடைமுறையில் இருந்தது; கீழோர் முன்னிலையில் மேலோரை அது கட்டுப்படுத்தவில்லை.

இவ்வொருவழிப் பாதையைத் தோட்டத்துரைகளுக்காக வெளிவந்த நூல்களின் பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. சின்னத்துரைமாருக்கான தமிழ்க் கையேடாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த ஒரு நூலுக்கு 'இங்கே வா' என்பது பெயர். 1915இல் வெளிவந்த மற்றொன்று 'கூலித் தமிழ்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைத் தாங்கியது. முதலாவது தலைப்பில் வசைச்சொல் எதுவும் இல்லை. இருப்பது ஒருமை ஏவல் மட்டுமே. 'வாருங்கள்' என்றோ 'வாங்க' என்றோ ஒரு தொழிலாளியை அழைக்கும் தேவை துரைக்கு எழாது என்ற துணிபே அந்நூலின் இலக்கணமாகும். தமிழில் இழிவு அகராதிச் சொற்களில் மட்டும் இல்லை, வினைமுற்றின் விகுதியிலும் அது குடியிருக்கின்றது என்பதைப் பின்னரும் நாம் காண்போம்.

2

பேச்சில் வசைச்சொல் தனித்து வருவதில்லை. குரலும் முகமும் உறவும் சூழலும் அதனுடன் வருகின்றன. 1929இல் வெளிவந்த 'மார்க்சியமும் மொழித் தத்துவமும்' என்ற நூலில் வொலோஷினொவ், தொஸ்தயேவ்ஸ்கியின் நாட்குறிப்புப் பகுதியொன்றை எடுத்துக்காட்டுகின்றார். குடிபோதையிலிருந்த தொழிலாளர் அறுவர் அச்சிடவியலாத ஒரே சொல்லைக் கொண்டு ஒரு முழு உரையாடலையே நடத்தி முடிக்கின்றனர். மறுப்பும் ஐயமும் சினமும் மகிழ்ச்சியும் குரலின் ஏற்ற இறக்கத்தினாலேயே வேறுபடுகின்றன. மொழிக்குறி வர்க்கப் போராட்டத்தின் களம் என்று நிறுவிய அவருக்கு இவ்வுதாரணம் பெரிதும் பயன்பட்டது. ஒரே சொல்லில் எதிரெதிரான மதிப்பீடுகள் மோதுகின்றன. அம்மோதலை ஒடுக்கிச் சொல்லுக்கு ஒரே பொருளை நிலைநிறுத்த ஆளும் வர்க்கம் முயல்கின்றது என்பது அவர் கருத்து.

சீன எழுத்தாளர் லூ சுன் 1925இல் இதே பொருள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தாயைச் சுட்டும் வசையொன்று சீனத்தின் தேசிய வசை எனத்தக்க அளவுக்குப் பரவியமைக்குக் காரணம் யாது என அவர் வினவினார். குலப்பெருமையையும் முன்னோர் நிழலையும் கொண்டு உயர்ந்து நின்ற குடும்பங்கள் ஆண்ட சமூகத்தில், அப்பெருமையின் வேரைத் தாக்க விரும்பிய கீழோர் முன்னோரையே குறிவைத்தனர் என்பது அவர் கண்ட விடை. அத்தாக்குதல் வீரமானதன்று, இழிவானதே என்றும் அவர் கூறத் தவறவில்லை. அதே கட்டுரையில், தம் ஊரில் ஒரு தந்தையும் மகனும் உணவருந்துகையில் அவ்வசையையே கொஞ்சும் சொல்லாகப் பரிமாறிக்கொண்டதைத் தாம் கேட்டதாகவும் எழுதுகின்றார்.

மாத்தளைத் தோட்டங்களின் லயங்களிலும் இவ்வனுபவம் அன்னியமானதன்று. கொழுந்து மலையிலும் றப்பர்க் காட்டிலும் ஒன்றாக உழைத்துக் களைத்தவர்களிடையே, வெளியார் காதுக்குக் கொடிய வசையாக ஒலிப்பது நெருக்கத்தின் அடையாளமாக வழங்குவதுண்டு. அதே சொல்லைக் கணக்கப்பிள்ளை சொன்னால் அது வேலைநிறுத்தத்துக்கு வித்தாகலாம். சொல் ஒன்றே, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள உற்பத்தி உறவு வேறு.

எழுத்து இந்த உறவைச் சொல்லிலிருந்து உரித்துவிடுகின்றது. குரல் போய்விடுகின்றது, முகம் போய்விடுகின்றது, தாளில் எஞ்சுவது சொல்லின் கொடுமை மட்டுமே. தோழமையில் பிறந்த சொல்லுங்கூட அச்சில் அம்மணமாக நிற்கின்றது. வாசகர் பெரும்பாலும் அந்த உறவுக்கு வெளியே உள்ள நடுத்தர வர்க்கத்தினர். ஆகவே தம் வீட்டுக் கூடத்தில் அச்சொல் ஒலித்தால் எவ்வாறிருக்குமோ அவ்வாறே அதனைக் கேட்கின்றனர். எழுத்தில் வசையின் கனம் கூடுவதற்கான முதற் காரணம் இதுவே.

3

எனினும் எழுத்து எப்போதும் கனத்தைக் கூட்டுவதில்லை. சிலவேளைகளிற் குறைக்கவும் செய்கின்றது. சீனத்தில் உடலுறவைக் குறிக்கும் வசைவினை ஒன்றுக்கென்றே ஓர் எழுத்து உண்டு. 'நுழை' என்பதையும் 'தசை' என்பதையும் குறிக்கும் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அது ஆக்கப்பட்டுள்ளது. கண்ணுக்கே கூசும் அவ்வெழுத்தைத் தவிர்த்து, ஏறத்தாழ அதே ஒலியுடையதும் பயிற்சியைக் குறிப்பதுமான மற்றோர் எழுத்தைப் பலர் எழுதுகின்றனர். 2009இல் தணிக்கையை எள்ளி நகையாடிய இளைஞர், 'புல், சேறு, குதிரை' எனப் பொருள்படும் மூன்று சாதுவான எழுத்துகளைச் சேர்த்து, தொனி மட்டுமே வேறுபட்ட ஒரு கொடிய வசையைக் கற்பனை விலங்காக உலவவிட்டனர். காதுக்கு ஏறத்தாழ ஒன்றாக இருப்பது கண்ணுக்கு வேறாகும்போது அதன் சுடுமை தணிகின்றது.

தமிழ் எழுத்துமுறை ஒலியைப் பின்பற்றுவது. சீனருக்குள்ள இவ்வசதி நமக்கு இல்லையெனத் தோன்றலாம். உண்மையில் நமக்கும் உண்டு. 'தேவரடியார்' என்று முழு வடிவில் எழுதினால் அது சோழர்காலக் கல்வெட்டுச் சொல். கோயிலுக்குக் கொடை வழங்கிய பெண்களை மதிப்புடன் குறிப்பது. அதுவே பேச்சில் தேய்ந்து, மரூஉ வடிவில் எழுதப்படும்போது தமிழின் கொடிய வசைகளுள் ஒன்றாகின்றது. சில எழுத்துகளின் தேய்வில் ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சியும் ஒரு பெண் கூட்டத்தின் மீது சமூகம் சுமத்திய பழியும் அடங்கியுள்ளன. இலக்கண வடிவம் சொல்லுக்குப் பட்டாடை போர்த்துகின்றது. பேச்சு வடிவம் அதனைத் தெருவில் நிறுத்துகின்றது. இன்று கைத்தொலைபேசியில் இளைஞர் ரோம எழுத்துகளிலும் முதலெழுத்துகளாகச் சுருக்கியும் வசைகளை எழுதிக்கொள்வதும் இவ்வகையினதே. தமிழ் எழுத்தில் எழுதக் கூசுபவர் அன்னிய எழுத்தில் எழுதக் கூசுவதில்லை.

இந்தப் பட்டாடை எத்துணை ஆபத்தானது என்பதற்கு நம் விமர்சன வரலாற்றிலேயே சான்று உண்டு. 1960களின் முற்பகுதியில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், பேச்சுமொழியைக் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரின் படைப்புகள் 'இழிசனர் வழக்கு' என்று கண்டிக்கப்பட்டன. அவ்வெழுத்தாளருட் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பது தற்செயலன்று. புறநானூற்றில் இழிசினன் என்ற சொல் கட்டில் பின்னுபவனையும் துடி அறைபவனையும் குறித்து வருகின்றது. உழைப்பாளியை இழிந்தவனாக்கிய அப்பழஞ்சொல், இருபதாம் நூற்றாண்டில் இலக்கணக் கலைச்சொல்லாக வேடம் பூண்டு மேடையேறியது. அதற்கு எவரும் புள்ளியிடவில்லை. அவ்விவாதத்தின் மிகக் கொடிய வசைச்சொல் எந்தத் தொழிலாளியின் வாயிலிருந்தும் வரவில்லை. அது பண்டிதரின் பேனாவிலிருந்து, சந்தி பிழையாமல், வந்தது.

4

அடுத்து, அச்சில் இடப்படும் புள்ளிகளைக் கவனிப்போம். மலையகச் சிறுகதைகளிற் கங்காணியோ துரையோ ஏசும் இடங்களில், முதலெழுத்தொன்றை எழுதி மீதியைப் புள்ளிகளால் நிரப்பும் வழக்கத்தை வாசகர் அறிவர். அவ்வாறு மறைக்கப்படுவன பெரும்பாலும் உடல் சார்ந்த, பாலியல் சார்ந்த சொற்களே. அதே பக்கத்திற் 'கூலி', 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்பன முழுமையாக அச்சாகியிருக்கும்.

இம்மூன்று சொற்களின் வரலாற்றையும் சற்றே நோக்குதல் தகும். 'கூலி' உழைப்பின் பயனைக் குறித்த சொல். வள்ளுவர் அதனை முயற்சியின் பெருமை பேசும் இடத்தில் ஆள்கின்றார். ஆங்கிலத்தில் வழங்கும் அதன் வடிவத்தின் பிறப்புப் பற்றி வேறு கருத்துகள் உளவெனினும், காலனித்துவம் அச்சொல்லை ஊதியத்திலிருந்து பெயர்த்து மனிதன்மீது ஒட்டியது என்பதில் ஐயமில்லை. உழைப்புச் சக்தியை விற்பவன் அவ்விற்பனையின் விலையாலேயே அழைக்கப்பட்டான். மனிதன் பண்டமாதல் பற்றி மார்க்ஸ் விரித்துரைத்த செய்தியை இந்த ஒற்றைச் சொல் தன்னுள் அடக்கியுள்ளது.

'கள்ளத்தோணி' சட்டத்தின் நிழலில் வளர்ந்த வசை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தலைமுறைகளாக இம்மண்ணில் உழைத்தோரைத் திருட்டுத்தனமாகக் கடல் கடந்தோர் எனக் குறித்த அச்சொல், சட்டம் நாகரிகமாகச் சொன்னதைத் தெருவிற் பச்சையாகச் சொன்னது.

'தோட்டக்காட்டான்' என்பதோ நமக்கு இன்னும் நெருக்கமானது. அதனைச் சொன்னவர் அன்னியர் அல்லர். தமிழ் பேசும் நகரத்தவரும் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தோருமே பெரிதும் அதனைச் சொன்னார்கள். இச்சஞ்சிகையை வாசிக்கும் நாமும் நம் முன்னோரும் இச்சொல்லுக்குப் பொறுப்பாளிகள் என்பதை ஒப்புக்கொள்ளாமல் மேற்செல்ல முடியாது.

ஆகவே புள்ளிகளின் அரசியல் தெளிவாகின்றது. வாசகரின் கூச்சத்தைக் காயப்படுத்தும் சொற்கள் மறைக்கப்பட்டன. தொழிலாளியின் மானத்தைக் காயப்படுத்தும் சொற்கள் மறைக்கப்படவில்லை. அச்சின் நாணம் ஒரு வர்க்கத்தின் நாணம். தமிழகத்தில் 2011இற் பெருமாள்முருகனின் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' போன்ற நூல்கள் பாலியற் சொற்களின் மீதான தடையைக் கேள்விக்குள்ளாக்கின. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் தடையை நீக்குவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. தடையே விதிக்கப்படாத வசைகள் யாவை என்பதையும் அது கேட்டாகவேண்டும். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. ஆபாசத்துக்கும் அவமதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அச்சகங்களிலும் பார்க்கத் தெளிவாகச் சட்டம் உணர்ந்தமை இங்கு குறிப்பிடத்தக்கது.

இப்பின்னணியிலேயே 1980இல் மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரும் தம் சிறுகதைத் தொகுப்புக்குத் 'தோட்டக் காட்டினிலே' என்று பெயரிட்டமை முக்கியத்துவம் பெறுகின்றது. வசைச்சொல்லின் உடலிலிருந்து ஒரு விகுதியை நீக்கி, மனிதனை இழித்த சொல்லை மீண்டும் ஓர் இடத்தின் பெயராக அவர்கள் மாற்றினார்கள். 'ஆன்' போய் 'இனிலே' வந்தபோது, வசை முகவரியாயிற்று. எய்தவன் அம்பையே எடுத்து நாணேற்றிய செயல் இது. பேச்சில் ஒருவர் தம்மீது வீசப்பட்ட சொல்லை மறுக்கலாம், திருப்பி வீசலாம். அட்டையிற் பொறித்து நூலகத்தில் நிலைநிறுத்துதல் எழுத்தால் மட்டுமே ஆகும்.

5

இதுவரை கூறியவற்றால் முற்போக்கு எழுத்து குற்றமற்றது என்ற முடிவு எட்டப்படலாகாது. மாத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் நண்பர்கள் ஒழுங்குசெய்த வாசிப்பு நிகழ்வொன்றில், தோட்ட வாழ்வைச் சித்திரிக்கும் கதையொன்றை நாம் உரக்கப் படித்தோம். புள்ளியிட்ட இடங்களைத் தயங்கித் தயங்கித் தாண்டினோம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் ஓய்வுபெற்ற தொழிலாளியான மூதாட்டியார் ஒருவர் நமது தயக்கத்தைக் கண்டு சிரித்தார். பின்னர் அவர் கேட்டது இது:

"தம்பி, அந்தப் புள்ளிக்குள்ள என்னா இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? அது கெடக்கட்டும். கணக்கப்புள்ள 'வந்தார்'னு படிச்சீங்க. அந்தக் கெழவிய மட்டும் 'வந்தாள்'னு படிக்கிறீங்களே, அது ஏன்?"

நம்மிடம் ஆயத்தமான விடை இருந்தது. கதைமாந்தரை ஒருமையிற் சுட்டுவது புனைகதை மரபு, அது நெருக்கத்தின் குறி என்று சொல்லியிருக்கலாம். ஆயின் அந்தக் கதையிற் கணக்கப்பிள்ளைக்கு அந்நெருக்கம் காட்டப்படவில்லை. அவன் கொடியவனாகச் சித்திரிக்கப்பட்டும் 'அவர்' ஆகவே இருந்தான். கதையின் அனுதாபம் முழுவதையும் பெற்ற முதியவள் 'அவள்' ஆகவே இருந்தாள். எழுத்தாளரின் கொள்கை தொழிலாளியின் பக்கமும், வினைமுற்று அதிகாரத்தின் பக்கமும் நின்றன. 'இங்கே வா' என்ற துரையின் நூற்பெயர் நினைவுக்கு வருகின்றது. அதே ஒருமை, அனுதாபத்தின் குரலில் நம் இலக்கியத்தினுள்ளும் வாழ்கின்றது. மேலுள்ள பத்தியில் நாமும் அக்கதையின் முதியவளை 'அவள்' என்றே எழுதிவிட்டதை வாசகர் கவனித்திருப்பர். கணக்கப்பிள்ளையை 'அவன்' என்று எழுதியமையால் மட்டும் அது ஈடாகாது. திருத்தாது விட்டுள்ளோம், பழக்கத்தின் வலிமைக்கு அது சான்றாகட்டும்.

இரண்டாவது குறை யதார்த்தவாதத்தின் பெயரால் நிகழ்வது. மண்வாசனை வேண்டித் தொழிலாளரின் வாயில் வசைகளை நிரப்பும் கதைகள் உள. அவற்றில் ஏச்சு ஒரு சமூக உறவாக வராமல், நறுமணப் பொருளாகத் தூவப்படுகின்றது. யார் யாரை எப்போது ஏசுகின்றார் என்பது மறைந்து, 'இம்மக்கள் இப்படித்தான் பேசுவர்' என்ற எண்ணமே வாசகர் மனத்தில் எஞ்சுகின்றது. புள்ளியிட்டு மறைத்தலைப் போலவே கணக்கின்றிக் கொட்டுதலும் வெளியாரின் பார்வையேயாகும்.

மூன்றாவது குறை நமது கோட்பாட்டையே தொடுவது. தமிழ் வசைகளிற் பெரும்பான்மையானவை தாயையும் மனைவியையும் சகோதரியையும் குறிவைப்பவை. லூ சுன் கூறியவாறு இவற்றை மேலோரின் குலப்பெருமைக்கு எதிரான கலகமாக விளக்கலாம். ஆனால் லயத்தில் ஓர் ஆண் தொழிலாளி மற்றோர் ஆண் தொழிலாளியை அவ்வாறு ஏசும்போது தாக்கப்படுபவள், இருவருக்கும் அருகே நின்று கொழுந்து பறித்த பெண். வர்க்கப் பகுப்பாய்வு கங்காணியின் வசையை விளக்கிவிடுகின்றது. தோழனின் வசையை முழுமையாக விளக்கவில்லை. ஒடுக்கப்பட்டவன் தன் வீட்டினுள் ஒடுக்குபவனாகும் இடத்தை மார்க்சிய விமர்சனம் கூசாமல் நோக்கவேண்டும். நெருக்கத்தின் சொல் என்று மேலே நாம் சற்றே பரிவுடன் குறிப்பிட்டதும் ஆண்களின் நெருக்கமே என்பதை இங்கு திருத்திக் கூறுகின்றோம்.

6

தொகுத்து நோக்குமிடத்து, வசைச்சொல்லின் கனம் சொல்லுக்குள் உறைந்து கிடப்பதன்று. சொல்பவர், கேட்பவர், வாசிப்பவர் ஆகிய மூவருக்கும் இடையிலுள்ள அதிகார உறவினால் நிறுக்கப்படுவது என்பது புலனாகும். பேச்சில் முதலிருவர் மட்டுமே உளர். எழுத்தில் மூன்றாமவர் வந்து தராசைத் தம் கையில் எடுத்துக்கொள்கின்றார். எழுத்தில் வசைகளின் கனம் இடம்மாறித் தோன்றுவதற்கு அடிப்படை இதுவே.

இதிலிருந்து நம் ஆய்வுக்குச் சில கடமைகள் பிறக்கின்றன. பழைய சிறுகதைகளை மறுபதிப்புச் செய்வோர் புள்ளிகளை நிரப்பவோ நீக்கவோ கூடாது. அவை அக்காலத்து நாணத்தின் ஆவணங்கள். வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்போர் வசைகளையும் சொல்பவர், கேட்பவர், சூழல் ஆகியவற்றோடு பதிவுசெய்தல் வேண்டும். புனைகதைகளை ஆராய்வோர் எவருக்கு 'ஆர்' விகுதி, எவருக்கு 'ஆள்' விகுதி என்ற எளிய கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்த்தல் வேண்டும். நாமும் இக்கட்டுரையிற் சில சொற்களை எழுதாது விட்டுள்ளோம். சமூக வசைகளை முழுமையாக எழுதியும் உடல்சார் வசைகளைச் சுற்றிவளைத்தும் நாம் எழுதியிருப்பது, எந்த அவையை முன்னிருத்தி எழுதுகின்றோம் என்பதற்குச் சான்று. விமர்சகரும் தராசுக்கு வெளியே நிற்பவரல்லர்.

2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது. முன்னோர் நடந்து மடிந்த பாதையில் அவர்களின் வழித்தோன்றல்கள் மீண்டும் நடந்தனர். அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்பது. அமைச்சர்களுக்கும் நீதியரசர்களுக்கும் உரியதென ஒதுக்கப்பட்ட அடைமொழியைப் பதாகையில் எழுதி, கூலி என்றும் கள்ளத்தோணி என்றும் தோட்டக்காட்டான் என்றும் இருநூறு ஆண்டுகளாகக் கேட்டவர்கள் ஏந்திச் சென்றனர். வசைக்கு விடை எதிர்வசையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்று அந்நடை உணர்த்திற்று. அந்த மூதாட்டியார் நம் கதையிற் கேட்டதும் இதுவே. புள்ளிக்குள் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை. விகுதியில் மரியாதையைக் கேட்டார். அதனை வழங்குவதற்குத் தமிழ் இலக்கணத்தில் தடை ஏதுமில்லை.